கானாடுகாத்தான் இல்லமும் அண்ணாமலை அரசரும்

பிறந்த ஊரை விட்டுப் பிழைப்பின் பொருட்டு வேற்றிடம் சென்றவன் நெஞ்சில் எந்நாளும் நீங்காது நிற்பது ஒன்று உண்டு. அஃது ஊரில் ஒரு வீடு கட்ட வேண்டும் என்னும் எண்ணமேயாகும். வாளையாற்றைக் கடந்து வந்து பாலக்காட்டுப் பக்கம் குடியேறியோரும், போடிமெட்டும் குமுளியும் ஏறி வந்து தேயிலைக்காட்டிலும் ஏலக்காட்டிலும் நிலைத்தோரும் இதனை நன்கறிவர். சம்பளப் பணத்தில் ஒரு பகுதி ஊருக்குப் போகும். அங்கே சுவர் எழும்பும்; கூரை ஏறும்; திண்ணையில் பெற்றோர் அமர்வர். கட்டியவரோ ஆண்டுக்கொரு முறை விருந்தினர்போல் அங்குச் சென்று திரும்புவர்.

இவ்வெண்ணத்தை ஒரு சமூகம் முழுவதுமே தன் வாழ்க்கை முறையாகக் கொண்டிருந்தது. அச்சமூகத்தில் தோன்றிய ஒருவர், தம் ஊரில் மாபெரும் இல்லம் ஒன்றை எழுப்பியதோடு அமையாது, தமிழர் அனைவருக்கும் உரிய இரண்டு பெரிய இல்லங்களுக்கும் காரணராயினார். அவரே செட்டிநாட்டரசர் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் அவர்கள். அவர்தம் வாழ்க்கையை நம் குடும்பத்தார் அறிந்துகொள்வது நலம் எனக் கருதி, இச்சிறு வரலாறு வரையப்படுகின்றது.

செட்டிநாடும் வட்டித் தொழிலும்

இன்றைய சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் எழுபதுக்கும் மேற்பட்ட ஊர்களில் பரவி வாழும் நகரத்தார் பெருமக்களின் நிலப்பகுதியே செட்டிநாடு எனப்படுவது. மழை குறைந்த செம்மண் பூமி அது. பேராறு ஏதும் அதன் வழியே பாய்வதில்லை. ஏரிகளையும் ஊருணிகளையும் நம்பி வாழும் சீமை. அத்தகைய மண்ணில் அரண்மனை போன்ற வீடுகள் ஆயிரக்கணக்கில் எழுந்தன என்றால், அதற்கான செல்வம் அம்மண்ணில் விளைந்ததன்று. கடல் கடந்து ஈட்டப்பட்டதாகும்.

முன்னாளில் உப்பு முதலிய பண்டங்களை விற்று வந்த நகரத்தார், பத்தொன்பதாம் நூற்றாண்டில் கொண்டு விற்றலோடு கொடுக்கல் வாங்கலையும் பெருக்கினர். 1852-ஆம் ஆண்டுப் போருக்குப் பின் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் கைக்கு மாறியது. 1869-இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டதும் பர்மா அரிசிக்கு உலகச் சந்தையில் பெருந்தேவை உண்டாயிற்று. ஐராவதி ஆற்றின் கழிமுகத்துக் காடுகளைத் திருத்தி வயலாக்க முனைந்த உழவர்க்குக் கைம்முதல் தேவைப்பட்டது. ஆங்கிலேய வங்கிகள் உழவனை நாடிச் செல்லவில்லை. அந்த இடத்தில்தான் செட்டியார் கடைகள் தோன்றின. இலங்கையிலும் மலாயாவிலும் சைகோனிலும் இவ்வாறே கிளைகள் பரவின.

அத்தொழிலின் ஒழுங்கு வியக்கத்தக்கது. முதலாளி செட்டிநாட்டில் இருப்பார்; கடல் கடந்த கடையை மேலாள் நடத்துவார். மேலாளுக்கு ஏறத்தாழ மூன்றாண்டுத் தவணை. அவருக்குக் கீழே அடுத்தாள். அவருக்கும் கீழே கணக்குப் படியும் பெட்டியடிப் பையன். பத்துப் பன்னிரண்டு வயதிலேயே கப்பலேறிய பிள்ளைகள் பலர். முந்திரி, காணி, மா என்னும் சிற்றிலக்கங்களை மனக்கணக்காகவே பெருக்கிக் கழிக்கும் பயிற்சி அவர்களுக்கு வீட்டிலேயே தரப்பட்டது. நாள் முடிவில் குறிப்பும் பேரேடும் ஒத்து வர வேண்டும். காசு ஒன்று குறைந்தாலும் உறக்கமில்லை. தவணை முடிந்ததும் ஐந்தொகை எடுத்து, கடையைப் புதிய மேலாளிடம் ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்புவர். ஒரு கடை எழுதிய உண்டியல் இன்னொரு கடையில் மறுப்பின்றிப் பணமாகும். எழுத்தில் அடங்காத நாணயமே அவ்வமைப்பின் அடித்தளம். ஈட்டிய ஊதியத்தில் ஒரு கூறு மகமை என ஒதுக்கப்பட்டுக் கோயிலுக்கும் அறத்துக்கும் சென்றது.

பிறப்பும் இளமையும்

இத்தகைய வணிகக் குடும்பங்களுள் ஒன்று கானாடுகாத்தான் முத்தையா செட்டியார் அவர்களுடையது. அவர்தம் மைந்தராக 1881-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 30-ஆம் நாள் அண்ணாமலைச் செட்டியார் பிறந்தார். இளமையிலேயே குடும்பத் தொழிலில் புகுந்து, கணக்கின் நுட்பங்களையும் கடல் கடந்த கிளைகளின் போக்கையும் கற்றுத் தேர்ந்தார். சீதை ஆச்சி அவர்களை மணந்து இல்லறம் நடத்தினார்.

அவர்தம் தமையனார் திவான் பகதூர் ராமசாமிச் செட்டியார் பொதுப்பணியில் முன்னின்றவர். தில்லையில் உயர்நிலைப் பள்ளியை நிறுவியவர். தில்லையோடு இக்குடும்பத்துக்கு உண்டான பிணைப்புக்குத் தமையனார் வித்திட்டார் என்றும், தம்பியார் அதனை ஆலமரமாக வளர்த்தார் என்றும் கூறுதல் பொருந்தும்.

ஒரு வங்கி வீழ்ந்தது. ஒரு வங்கி எழுந்தது

1906-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் சென்னை நகரம் ஓர் அதிர்ச்சியைக் கண்டது. ஆங்கிலேயருக்குச் சொந்தமான ஆர்பத்நாட் கம்பெனி முறிந்தது. ஓய்வூதியம் பெற்ற முதியோர், கைம்பெண்டிர், சிறு வணிகர் என எண்ணிறந்தோர் வாழ்நாட் சேமிப்பைப் பறிகொடுத்தனர். வெள்ளையர் நிறுவனம் என்றால் வீழாது என்றிருந்த நம்பிக்கை அன்றோடு தகர்ந்தது.

நம்மவர் பணத்தை நம்மவரே காக்கும் வங்கி ஒன்று வேண்டும் என்னும் எண்ணம் அப்போது வலுப்பெற்றது. வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்று முயன்றார். சுதேசி உணர்வு நாடெங்கும் பொங்கி நின்ற காலம் அது. எனினும் உணர்வு மட்டும் வங்கியாகிவிடாது; அதற்கு முதலும் வேண்டும், பணம் ஆளும் பழக்கமும் வேண்டும். அவ்விரண்டையும் உடையவர்கள் நகரத்தாரே. ராமசாமிச் செட்டியார் அவர்கள் தொடக்க இயக்குநர்களுள் ஒருவராக நின்றார். 1907-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 15-ஆம் நாள் இந்தியன் வங்கி தன் அலுவலைத் தொடங்கியது. நாற்பதாண்டு கழித்து நாடு விடுதலை பெற்றதும் அதே நாளில்தான் என்பதை எண்ணி மகிழலாம்.

தமையனார் மறைந்த பின்னர் அண்ணாமலைச் செட்டியார் அவ்வங்கிப் பொறுப்பில் பங்கு கொண்டு அதன் வளர்ச்சிக்குத் துணை நின்றார். 1921-இல் அமைந்த இம்பீரியல் வங்கியின் கவர்னர்களுள் ஒருவராகவும் விளங்கினார். திண்ணையில் சம்மணமிட்டுப் பேரேடு எழுதிய மரபில் வந்த ஒருவர், ஆங்கிலேயர் மேசையில் சமமாக அமர்ந்து நாட்டின் நாணயக் கொள்கையை ஆராயும் நிலையை அடைந்தார்.

பிற்காலத்தில் இந்தியன் வங்கி 1969-இல் நாட்டுடைமையாயிற்று. 1937-இல் காரைக்குடி, சென்னை, இரங்கூன் ஆகிய மூன்று நகரங்களிலும் ஒருசேரத் தொடங்கப்பெற்ற இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் நகரத்தார் முயற்சியே. அதனை நிறுவியவர் எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் ஆவார். இன்று நம் குடும்பத்தார் மாதந்தோறும் ஊருக்குப் பணம் அனுப்பும் வங்கிகளுள் இவ்விரண்டும் உண்டு. செட்டிநாட்டுச் சிற்றூர்த் திண்ணைகளில் பழகிய கணக்கறிவு அவற்றின் வேரில் இருப்பதை அனுப்புவோர் பலர் அறியார்.

கானாடுகாத்தான் இல்லம்

இனி இல்லத்தைக் காண்போம். செட்டிநாட்டு வீடு என்பது ஒரு குடும்பம் தங்கும் கட்டடம் மட்டுமன்று. ஒரு குலத்தின் முழு வாழ்க்கையும் நிகழும் அரங்கம். தெருவில் தொடங்கி மறுதெருவில் முடியும் அளவு நீளமுடையது. முதலில் முகப்பும் திண்ணையும். ஆண்கள் கணக்குப் பார்ப்பதும், வந்தோரை வரவேற்பதும் அங்கேதான். அடுத்து வளவு என்னும் பெரிய முற்றம். நாற்புறமும் தூண்கள் தாங்கிய தாழ்வாரம். அதனைச் சுற்றி வரிசையாக அறைகள். மணமான ஒவ்வொரு மகனுக்கும் தனியறை உண்டு. ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தாலும் அவரவர் வரவு செலவு தனித்தனி. பொருளில் தனிமையும் வாழ்வில் ஒருமையும் என்னும் இந்த ஏற்பாடு, கூட்டுக் குடும்பம் சிதையாமல் காத்த ஒரு நுட்பமாகும். அதற்கப்பால் உணவுக்கூடம், பின்கட்டு, சமையற்கட்டு, கிணறு.

முற்றத்தில் விழும் மழைநீர் வீணாவதில்லை. ஓட்டுக் கூரையின் சரிவில் இறங்கி, பாத்திரங்களிலும் தொட்டிகளிலும் சேரும். வறண்ட சீமையில் வாழ்ந்தோர் பொன்னை எண்ணியதுபோலவே மழைத்துளியையும் எண்ணினர். சுவர்ப் பூச்சோ சுண்ணாம்பும் முட்டை வெண்கருவும் கடுக்காய்நீரும் சேர்த்து அரைத்து, பலமுறை தேய்த்து மெருகேற்றப்பட்டது. நூறாண்டு கழிந்தும் கண்ணாடிபோல் பளபளக்கும் இயல்பினது. ஆத்தங்குடித் தரைக்கற்கள் வெயிற்காலத்தும் பாதத்துக்குக் குளிர்ச்சி தரும்.

இம்மரபின் உச்சம் என்று சொல்லத்தக்கது, 1912-ஆம் ஆண்டளவில் அண்ணாமலைச் செட்டியார் கானாடுகாத்தானில் எழுப்பிய இல்லம். செட்டிநாட்டு அரண்மனை என மக்கள் அதனை வழங்குவர். பர்மாத் தேக்கும் இத்தாலியப் பளிங்கும் கடல் கடந்து வந்து அவ்வில்லத்தில் இடம் பெற்றன. எந்தெந்த நாட்டில் குடும்பத்தார் தொழில் செய்தனரோ, எந்தெந்தத் துறைமுகத்தோடு தொடர்பு கொண்டனரோ, அவற்றின் அடையாளத்தை எல்லாம் அவ்வில்லத்தில் காணலாம். வீடே ஒரு பேரேடு என்னலாம். ஆயினும் வாயிலில் கோலமும், நிலைப்படியில் திருமகள் உருவும், நடுவில் முற்றமுமாக அதன் உள்ளம் தமிழ் உள்ளமாகவே நின்றது. உலகெங்கும் சென்று வந்தும் தன் அமைப்பை இழக்காத வீடு அது.

அத்தகைய வீடுகளைக் காத்தவர்கள் யார்? ஆடவர் மூன்றாண்டுக்கொரு முறை வந்து போவோராக இருந்த காலத்தில், அவற்றை ஆண்டவர்கள் ஆச்சிமார்களே. நெல் வாங்குதல், உறவு பேணுதல், நோன்பும் படைப்பும் நடத்துதல், பிள்ளைகளை வளர்த்தல், வட்டிக்கு விட்ட தம் சீதனப் பணத்தைக் கணக்கிடுதல் ஆகிய அனைத்தும் அவர்கள் கையில் இருந்தன. வரலாறு ஆடவர் பெயரை எழுதி வைத்தது. இல்லங்களை நிலைநிறுத்தியவை பெண்டிர் கைகளே. பிரிந்து வாழும் குடும்பங்களில் இன்றும் இதுவே நிலை என்பதை நாம் நினைவில் கொள்ளல் வேண்டும்.

தில்லையில் எழுந்த கலைக்கழகம்

முப்பத்தொரு வயதளவில் தமக்கென இல்லம் அமைத்தவர், நாற்பதை எட்டுமுன் பிறர்க்கென இல்லம் அமைக்கத் தலைப்பட்டார். 1920-ஆம் ஆண்டு தில்லையில் ஸ்ரீ மீனாட்சி கல்லூரியைத் தோற்றுவித்தார். உயர்கல்வி பெற விழைவோர் பெருநகரங்களை நாடிச் செல்லவேண்டியிருந்த காலம் அது. சென்னைக்குப் பிள்ளையை அனுப்பும் வசதி எல்லார்க்கும் இல்லை. நடராசப் பெருமான் ஆடும் ஊரில், வயல்களுக்கு நடுவே, கல்லூரி எழுந்தது. வரலாற்றறிஞர் நீலகண்ட சாஸ்திரியார் அதன் முதல்வராக இருந்து பணி புரிந்தார்.

ஆங்கிலக் கல்வியோடு அவர் அமைந்துவிடவில்லை. தமிழ்க்கல்லூரியும் வடமொழிக் கல்லூரியும் உடன் தோன்றின. சுவடி தேடி ஊர் ஊராய் அலைந்து சங்க நூல்களைப் பதிப்பித்த மகாமகோபாத்தியாய சாமிநாதையர் அவர்கள் 1924 முதல் 1927 வரை மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் தலைவராக வீற்றிருந்தார் என்றால், அதனினும் சிறப்பு வேறென்ன வேண்டும்?

இக்கல்லூரிகள் யாவும் ஒருங்கிணைந்து 1929-ஆம் ஆண்டு அண்ணாமலைப் பல்கலைக்கழகமாக மலர்ந்தன. அதற்கென அரசர் அவர்கள் வழங்கியது இருபது லட்சம் ரூபாய். அக்காலத்து மதிப்பில் அஃது எத்துணைப் பெரிய தொகை என்பதை இன்று எண்ணிப் பார்ப்பதும் அரிது. ஆசிரியரும் மாணவரும் ஒரே வளாகத்தில் உறையும் பல்கலைக்கழகமாக அது அமைந்தது. தில்லைக்கு அருகே அண்ணாமலைநகர் என்னும் புதிய ஊரே உருவாயிற்று. இப்பெருங்கொடையைப் பாராட்டி ஆங்கில அரசு அவர்க்கு வழிவழி வரும் ராஜா பட்டத்தை 1929-இல் வழங்கியது. அதற்கு முன்னரே 1923-இல் சர் பட்டம் பெற்றிருந்தார்.

நாவலர் சோமசுந்தர பாரதியார், பண்டிதமணி கதிரேசச் செட்டியார் போன்ற பேராசிரியர்கள் அக்கழகத்தின் தமிழ்த்துறையை ஒளிரச் செய்தனர். மகிபாலன்பட்டியில் பிறந்து, இளமையிலேயே காலின் வலிமை குன்றிய நிலையிலும் தமிழும் வடமொழியும் கற்றுத் துறைபோய பண்டிதமணிக்குப் பட்டம் ஏதுமில்லை; ஆயினும் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக்கியது. தாளில் எழுதிய தகுதியைவிட உள்ளத்தில் இருந்த புலமையை மதித்த காலம் அது. வெள்ளிநாவினர் எனப் போற்றப்பட்ட சீனிவாச சாஸ்திரியார் 1935 முதல் 1940 வரை துணைவேந்தராக இருந்தார்.

தமிழிசைக்கு ஓர் இல்லம்

அரசர் அவர்களின் மூன்றாவது பெரும்பணி தமிழிசைப் பணியாகும். தமிழ்நாட்டு இசையரங்குகளில் தெலுங்குக் கீர்த்தனைகளும் வடமொழிப் பாடல்களும் நிறைந்திருந்தன. தமிழ்ப் பாட்டு, கச்சேரியின் இறுதியில் துக்கடாவாகச் சிறிது நேரம் ஒலிக்கும். கேட்போர் தமிழர், பாடுவோர் பெரும்பாலும் தமிழர், பாட்டு மட்டும் அவர்க்கு விளங்காத மொழியில் இருந்தது. தேவாரப் பண் வளர்ந்த நாட்டில் இந்நிலை அவர்க்கு வருத்தம் தந்தது.

சிதம்பரத்தில் இசைக்கல்லூரியை அவர் முன்னரே நிறுவியிருந்தார். தமிழ்ப் பாடல்கள் இயற்றுவோர்க்கும் அவற்றைக் கற்பிப்பதற்கும் பொருளுதவி அறிவித்தார். 1941-ஆம் ஆண்டு அண்ணாமலைநகரில் தமிழிசை மாநாடு கூடியது. அரங்குகளில் தமிழ்ப் பாடல்கள் மிகுதியாக ஒலிக்க வேண்டும் என்பது அங்கு எழுந்த குரல். இதனை எதிர்த்தோரும் உண்டு. இசைக்கு மொழி இல்லை. தியாகராசர் போன்ற பெரியோர் படைப்பை ஒதுக்குவது தகாது என்பது அவர் கொள்கை. அக்கூற்றிலும் ஒரு நியாயம் இருந்தது. ஆனால் தமிழிசை இயக்கத்தார் வேண்டியது பிறமொழிப் பாட்டை நீக்குதலன்று. தமிழ்ப் பாட்டுக்கு அதன் வீட்டில் முதலிடம் தருதலே. ராஜாஜி, இரசிகமணி டி.கே.சி., கல்கி ஆகியோர் இவ்வியக்கத்துக்கு வலிமை சேர்த்தனர்.

1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் நிறுவப்பட்டது. அதன் தலைமையை ஏற்றவர் சர் ஆர்.கே. சண்முகம் செட்டியார். இவர் பெயரை நம் பகுதியார் சிறப்பாக நினைக்க வேண்டும். கோவையில் பிறந்த இவர், 1935 முதல் 1941 வரை கொச்சி சமஸ்தானத்தின் திவானாக இருந்தவர். தமிழர் பெருவாரியாக வாழும் சித்தூர் வட்டம் அன்று கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்ததன்றோ? விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நிதியமைச்சரும் இவரே. கொச்சியில் திவானாக இருந்தவர் சென்னையில் தமிழிசைக்குத் தலைவரானது, மாநில எல்லைகள் மொழிப்பற்றுக்கு எல்லையாகா என்பதைக் காட்டுகின்றது.

சங்கத்துக்கென எழுந்த மாளிகை 1952-இல் திறக்கப்பட்டது. சென்னை உயர்நீதிமன்றத்துக்கு அருகே நிற்கும் அம்மாளிகைக்கு ராஜா அண்ணாமலை மன்றம் என்று பெயர். ஆனால் அதனைக் காண அரசர் இல்லை.

பர்மாவில் விழுந்த இடி

ஒருவர் வரலாற்றை எழுதுங்கால் ஒளியை மட்டும் காட்டி நிழலை மறைத்தல் முறையன்று. செட்டிநாட்டுச் செல்வத்தின் பெரும்பகுதி பர்மாவில் இருந்தது. 1930-ஆம் ஆண்டளவில் அந்நாட்டில் ஏறத்தாழ 1,650 செட்டியார் கடைகள் இருந்தன எனவும், அவற்றில் புழங்கிய முதல் ஏறத்தாழ 75 கோடி ரூபாய் எனவும் அரசின் விசாரணைக் குழு கணக்கிட்டது. இரங்கூனின் மொகல் தெரு அத்தொழிலின் நடுநாயகமாக விளங்கியது.

அவ்வேளையில் உலகப் பொருளாதார மந்தம் வந்தது. நெல் விலை வீழ்ந்தது. கடன் வாங்கிய உழவனால் வட்டியும் கட்ட இயலவில்லை. ஈடாக வைத்த நிலம் கடன் கொடுத்தோர் கைக்கு வந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் 1930-இல் நூற்றுக்கு ஆறு பங்கு நிலமே செட்டியார் உடைமையாக இருந்தது. 1938-க்குள் அது நூற்றுக்கு இருபத்தைந்து ஆயிற்று. நிலத்தை அவர்கள் விரும்பிப் பெறவில்லை. அவர்கள் வேண்டியது ரொக்கமே. நிலம் கைக்கு வந்ததால் அவர் தொழிலே முடங்கியது. எனினும் பாட்டன் திருத்திய வயலை இழந்து நின்ற பர்மிய உழவனுக்கு அந்த விளக்கத்தால் என்ன ஆறுதல் கிடைக்கும்? அவன் கண்ணில் கடலுக்கப்பாலிருந்து வந்தவன் தன் மண்ணைக் கொண்டவனாகவே தோன்றினான். கசப்பு வளர்ந்தது.

1937-இல் பர்மா இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டது. 1942-இல் ஜப்பானியர் படை நுழைந்தது. இலட்சக்கணக்கான இந்தியர் உயிர் பிழைக்க ஓடினர். காட்டு வழியில் நடந்தே வந்தோர் பலர் பசியாலும் நோயாலும் வழியிலேயே மாண்டனர். 1948-இல் பர்மா விடுதலை பெற்றதும் நில உடைமைச் சட்டம் வந்தது. 1962-க்குப் பின் எஞ்சியிருந்தோரும் வெறுங்கையோடு திரும்பினர். மூன்று தலைமுறையின் உழைப்பு, பேரேட்டில் எழுத்தாக மட்டும் நின்றது.

அரசர் அவர்கள் இவ்வீழ்ச்சியின் பெரும்பகுதியைத் தம் கண்ணாலேயே கண்டார். அரசியலில் அவர் ஆங்கில ஆட்சியோடு இணங்கி நின்றவர். டில்லியில் இருந்த மேல்சபையின் உறுப்பினராக அமர்ந்தவர். நாடு சிறை புகுந்து போராடிய காலத்தில் பட்டங்களை ஏற்று அமைதியாக நின்றது குறித்துக் குறை கூறினோரும் உளர். அது மறுக்கத்தக்கதன்று. ஆனால் அவர் அளித்த கல்விக்கூடத்தில் பயின்றோரில் விடுதலை வேட்கை கொண்டோரும், தமிழுணர்வு மிக்கோரும், புதுமை நாடியோரும் இருந்தனர். கொடுத்தவர் கருத்து எதுவாயினும், கொடுக்கப்பட்ட கல்வி தன் வழியே சென்றது.

மறைவும் நிலைபேறும்

1948-ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 15-ஆம் நாள் அண்ணாமலை அரசர் மறைந்தார். அவர்தம் மூத்த மைந்தர் முத்தையா செட்டியார் 1933-இல் சென்னை மாநகராட்சியின் மேயராக விளங்கியவர். தந்தையார்க்குப் பின் பல்கலைக்கழகப் பொறுப்பையும் தமிழிசைப் பணியையும் ஏற்று நடத்தினார். மற்றொரு மைந்தர் சிதம்பரம் செட்டியார் பெயரைச் சென்னைச் சேப்பாக்கம் கிரிக்கெட் அரங்கம் தாங்கி நிற்கின்றது. சென்னையில் ஒரு பகுதி ராஜா அண்ணாமலைபுரம் என வழங்குகின்றது.

காலம் எதையும் மாற்றாமல் விடுவதில்லை. பல்கலைக்கழகம் நிதி நெருக்கடியுற்றபோது, 2013-ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு தனிச்சட்டம் இயற்றி அதனைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. நிறுவியவர் குடும்பத்தின் ஆட்சி நீங்கியது. ஆயினும் அண்ணாமலை என்னும் பெயர் நீங்கவில்லை. செட்டிநாட்டு வீடுகளில் பல, பங்காளிகள் பல ஊர்களில் சிதறியதால் பூட்டிக் கிடக்கின்றன. சில இடிக்கப்பட்டன, அவற்றின் தூண்களும் கதவுகளும் காரைக்குடிப் பழம்பொருட் கடைகளில் விலைக்கு நிற்கின்றன. சில விடுதிகளாக மாறி விருந்தினரை ஏற்கின்றன. யுனெஸ்கோ நிறுவனத்தின் உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் 2014-இல் இடம் பெற்றன. கானாடுகாத்தான் அரண்மனை இன்றும் தலை நிமிர்ந்து நிற்கின்றது. செட்டிநாடு என்னும் பெயரையே தாங்கிய புகைவண்டி நிலையம் அதன் அருகே உள்ளது.

நாம் கொள்ளத்தக்கது

இவ்வரலாற்றை ஒரு செல்வர் கதையாக மட்டும் படித்தால், நமக்கு அதில் பயன் குறைவு. இருபது லட்சம் கொடுக்க நம்மால் இயலாது. ஆனால் பிற மண்ணில் பிழைப்போர் என்ற வகையில் நாமும் அவர்களும் ஒரே வரிசையில் நிற்கின்றோம். எனவே அவர்கள் பெற்ற அனுபவம் நமக்கும் உரிய பாடமே.

முதலாவது, பிழைக்கச் சென்ற மண்ணின் மக்களோடு மனத்தால் கலவாத செல்வம் நில்லாது. பர்மாவில் செட்டியார்கள் நாணயம் தவறவில்லை, சட்டத்தையும் மீறவில்லை. ஆயினும் அந்நாட்டாரின் துன்பத்தில் பங்கு கொண்டோர் என்னும் பெயரை அவர்கள் பெறவில்லை. மூன்றாண்டுக் கணக்கை முடித்துத் திரும்புவோரை அம்மண் தன்னவராக எண்ணவில்லை. கேரள மண் நமக்குச் சோறு தருகின்றது. நம் பிள்ளைகள் இங்குள்ள பிள்ளைகளோடு பயில்கின்றனர். நம் தமிழை நாம் காக்கும்போதே மலையாளத்தையும் மதித்துக் கற்று, அண்டை வீட்டார் இன்பதுன்பங்களில் நின்று வாழ்தல் நம் கடமை.

இரண்டாவது, ஊரில் கட்டும் வீடு ஒரு தலைமுறைக்கு நிழல் தரும். கல்விக்கு இட்ட பொருள் எண்ணற்ற தலைமுறைகளுக்கு நிழல் தரும். பளிங்கும் தேக்கும் இட்ட வீடுகளில் பல இன்று பூட்டிக் கிடக்க, வயல் நடுவே எழுந்த கல்விச்சாலைக்கு மட்டும் ஆண்டுதோறும் புதிய முகங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. அவர்களில் உழவர் பிள்ளை உண்டு. தொழிலாளர் பிள்ளை உண்டு. தம் குலத்தில் முதன்முதலாகப் பட்டம் பெறுவோர் உண்டு. அவர்களுக்கு அது தாய்வீடு.

நம் குடியிருப்பிலும் ஒரு சிறு தமிழ் நூலகம், மாலையில் பிள்ளைகள் கூடிப் படிக்க ஓர் அறை, ஏழை மாணவர் ஒருவரின் கல்லூரிக் கட்டணம் என்று தொடங்கலாம். நகரத்தார் ஊதியத்தில் ஒரு கூற்றை மகமை என ஒதுக்கியதுபோல், நாமும் நம் வருவாயில் சிறு கூறு ஒதுக்கலாம். நிதி சிறிதாயினும் முறை பெரிது. ஊரில் நமக்கென ஒரு வீடு எழுவது மகிழ்ச்சியே. இங்கே நம் அனைவர்க்குமென ஓர் இல்லம் எழுவது அதனினும் மகிழ்ச்சி. அண்ணாமலை அரசரின் நினைவுக்கு நாம் செலுத்தும் வணக்கம் அதுவாகவே அமைக.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!